லைஃப் ஜாக்கெட் தொலையேல்ல, லூசாகினது: நிலாவெளியில ஒரு ஸ்பானிஷ் சீட்டு பற்றின நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை டவுனில இருந்து வடக்கால 15 கிலோமீற்றர் அளவில நிலாவெளி, அங்க கடற்கரைப் பக்கமா நாலு ரூம் இருக்கிற சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒண்டை ஒரு அண்ணாவும் அக்காவும் நடத்தீனம். அண்ணா மீன்பிடிக் குடும்பம், தகப்பன்ர காலத்தில வலையும் வள்ளமும், இப்ப அதே கடலில வெளிநாட்டு ஆக்களை ஏத்திக்கொண்டு புறாமலைத் தீவுக்குப் போய்வாறார். அக்கா குசினி. கணக்கு, புக்கிங், இங்கிலிஷ் எல்லாம் அண்ணாட அக்காட மகன், ஏ எல் சோதினை எழுதிப்போட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் நிண்ட பெடியன். பேர் ஒருத்தருக்கும் போடேல்ல, எழுதுறதுக்கு அவையிட்ட கேட்டுத்தான் எழுதுறன்.

எங்கட பக்கம் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும், வாடைக்காத்து தொடங்கினா கடல் குழம்பிரும். ஸ்பெயின்காரருக்கு ஆகஸ்ட்தான் பெரிய லீவு மாசம், அதால அந்த மாசத்தில கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில நிண்டா ஸ்பானிஷ்தான் கூடக் கேக்கும். நிறையப் பேருக்கு இங்கிலிஷ் ஓடாது. அண்ணா கையாலயும் கண்ணாலயும் சமாளிச்சுக்கொண்டு வந்தவர், போன சீசனில ஆகஸ்ட் தொடங்க முந்தி "தங்கச்சி, இதை ஒருக்கா ஸ்பானிஷில போட்டுத் தாங்க" எண்டு ஒரு ஏஃபோர் தாளை எனக்கு நீட்டினவர்.

நான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இல்ல. பகல்ல டவுனில கணக்கு வேலை, ஸ்பானிஷ் ஃபோன் ஆப்பில தொடங்கி பிறகு ஆன்லைன் ரீச்சர் ஒருத்தரிட்ட படிச்சது, பி1 எண்ட நடு மட்டம் எண்டு சொல்லலாம், கதைக்க ஏலும், எழுதினா பிழை வரும். காசுக்குச் செய்யேல்ல, ஒரு நாள் போட்டில கூட்டிக்கொண்டு போவார் எண்டதுதான் கூலி. (அந்த போட் பயணத்தை நான் பிந்திப் போட்டதும் இந்தக் கதையில ஒரு காரணம், அது கீழ வரும்.)

தாளில முன்பக்கம் கடல் பயண விதிகள், பின்பக்கம் சாப்பாட்டு விலையும் ரூம் அறிவிப்புகளும். எழுதினது பெடியன். அண்ணா தமிழில சொல்லச் சொல்ல அவன் இங்கிலிஷில தட்டினவன், அந்த இங்கிலிஷை நான் ஸ்பானிஷாக்க வேணும். அதாவது கடல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், இங்கிலிஷ் அரைவாசி தெரிஞ்ச ஆள் ஒருத்தர், ஸ்பானிஷ் அரைவாசி தெரிஞ்ச ஆள் ஒருத்தி. மூண்டு பேரும் ஒரு மேசையில ஒருநாளும் இருக்கேல்ல.

முதல் வாசிப்பில கண்டது

வாசிக்கத் தொடங்கவே சிரிப்பு வந்திட்டுது. இங்கிலிஷில காதுக்கு ஒரே மாதிரிக் கேக்கிற, இல்லாட்டி எழுத்தில ஒண்டு மட்டும் மாறுற சொற்கள் எல்லாம் இடம் மாறி நிண்டது. ஸ்பெல் செக் ஒண்டையும் பிடிக்கேல்ல, ஏனெண்டா ஒவ்வொண்டும் தனியப் பாத்தா சரியான சொல்லுதான்.

இனிப்புப் பகுதிக்குத் தலைப்பு டெஸர்ட், ஆனா எஸ் ஒண்டுதான் போட்டிருந்தது. ரெண்டு எஸ் போட்டாத்தான் சாப்பாட்டுக்குப் பிறகு வாற இனிப்பு, ஒண்டு போட்டா பாலைவனம். ஸ்பானிஷில முதலாவது போஸ்த்ரே, ரெண்டாவது தெஸியெர்தோ, ரெண்டுக்கும் ஒரு ஒட்டுறவும் இல்ல. காலமைச் சாப்பாடு கொம்ப்ளிமென்டரி எண்டதில நடுவில ஐ வரவேண்டிய இடத்தில ஈ. ஐ போட்டா இலவசமாத் தாறது, ஈ போட்டா ஒண்டோட ஒண்டு சேந்து நிறைவாக்கிறது. அதை அப்பிடியே கொம்ப்ளெமென்தாரியோ எண்டு ஸ்பானிஷில போட்டா மேலதிகமா வாங்கிற சாப்பாடு போலக் கிடக்கும், வாற ஆக்கள் காசு கேப்பினமோ எண்டு பயந்து வெளியில போய்ச் சாப்பிடுவினம். நான் சுத்தி வளைக்காம இன்க்ளுயீதோ, ரூம் காசுக்குள்ள அடக்கம், எண்டு போட்டன்.

இரவு பத்து மணிக்குப் பிறகு அமைதியா இருங்க எண்டுறதுக்கு கொயட் எண்டு எழுத வேண்டியதை கொயைட் எண்டு எழுதியிருந்தவன், ஸ்பானிஷில அது பஸ்தாந்தே ஆகும், "பத்து மணிக்குப் பிறகு ஓரளவு இருங்க." என்ன ஓரளவு? விலைப் பட்டியலுக்குத் தலைப்பு ப்ரைஸ் லிஸ்ட், ஆனா இஸட் போட்டு, அதாவது பரிசுப் பட்டியல். விலை ப்ரேஸியோ, பரிசு ப்ரேமியோ. இந்த விலை பரிசு விஷயத்தைக் கொஞ்சம் நிண்டு யோசிச்சிருக்க வேணும், ஏனெண்டா பின்னால வாற பெரிய பிழையும் இதே குடும்பம். தமிழில இஸட் சத்தம் இல்ல. இங்கிலிஷில எஸ்ஸிலயும் இஸட்டிலயும் மட்டும் வித்தியாசப்படுற சோடிகள் எங்கட வாயிலயும் காதிலயும் ஒண்டாப் போயிடும், அட்வைஸ் ரெண்டும் அப்பிடித்தான், புத்திமதி எண்ட பெயர்ச்சொல்லும் புத்தி சொல்லுறது எண்ட வினைச்சொல்லும் எங்களுக்கு ஒரே அட்வைஸ். அப்ப நான் அதைக் கண்டு சிரிச்சுப்போட்டு அடுத்த வரிக்குப் போயிட்டன்.

எல்லாத்திலயும் நல்லது "பாறைக்குக் கிட்ட ஸ்ட்ரோங் கரன்ட்." ஈ போட்டா நீரோட்டம், ஏ போட்டா பலகாரத்துக்குப் போடுற முந்திரிகை வத்தல், நாங்க பிளம்ஸ் எண்டு சொல்லுறமே அதுமாதிரி ஒண்டு. பெடியன் ஏ போட்டிருந்தவன். அண்ணாவுக்கு ஃபோனில சொல்ல அவர் அதுக்குமேல போய், "கரன்ட் எண்டா கடலில ஷொக் அடிக்கும் எண்டு நினைச்சாலும் பறவாயில்ல தங்கச்சி, பயத்தில கிட்டப் போகாயினம்" எண்டார். கொர்ரியெந்தே எண்டு திருத்தினன். வேடிக்கை என்னெண்டா ஸ்பானிஷிலயும் கொர்ரியெந்தே எண்டா நீரோட்டமும்தான் மின்சாரமும்தான், அண்ணாட பகிடி அங்கயும் செல்லும்.

இன்னொரு வரி, "முருகைக்கல் மிச்சம் சென்ஸிபிள், மிதிக்க வேண்டாம்." பெடியன் எழுத நினைச்சது சென்ஸிடிவ், தொட்டாச் சேதமாகிற சாமான். இங்கிலிஷில சென்ஸிபிள் எண்டா விவேகமான, புத்தியுள்ள. ஆனா ஸ்பானிஷில அதே எழுத்துகளோட இருக்கிற சென்ஸிப்லே எண்ட சொல்லுக்கு அர்த்தம் மென்மையான, எளிதில பாதிக்கப்படுற எண்டதுதான், விவேகத்துக்கு சென்ஸாதோ எண்டு வேற சொல் இருக்கு. அப்ப பெடியன்ர பிழையான இங்கிலிஷை ஒண்டும் யோசிக்காம எழுத்துக்கு எழுத்து மாத்தினா சரியான ஸ்பானிஷ் வரும், பிழையும் பிழையும் வெட்டுப்பட்டுப் போச்சு. நல்லா இங்கிலிஷ் தெரிஞ்ச ஒருத்தர் செய்திருந்தா சென்ஸாதோ போட்டு, முருகைக்கல் புத்திசாலி எண்டு ஆக்கியிருப்பார்.

அண்டைக்கு இரவு எடுத்த முடிவுகள்

முதல் ஸ்பானிஷ் குடும்பம் ரெண்டு நாளில வருது எண்டு அவசரம். இரவு பத்தரை, நாளைக்கு வேலை. நான் எடுத்த முடிவு, அர்த்தம் வராத வரிகளைத் திருத்திறது, அர்த்தம் வாற வரிகளை அப்பிடியே கொண்டுபோறது. அப்ப அது நியாயமாத்தான் பட்டது.

வினைச்சொல்லுகளை எந்த மரியாதையில போடுறது எண்டும் ஒரு யோசினை வந்தது. ஸ்பானிஷில நீ ஒண்டு, நீங்க ஒண்டு, ஸ்பெயினில கூட்டத்துக்கு ஒரு நீங்க வேற. அவையிட அறிவிப்புப் பலகைகளில வினைச்சொல்லைத் திருப்பாம அப்பிடியே போடுற வழக்கம் இருக்கு, நோ பிஸார் லோஸ் கொராலெஸ், முருகைக்கல்லை மிதிக்கிறதில்ல எண்டதுமாதிரி. அநேகமான வரிக்கு அதைப் பிடிச்சன், ரெண்டு மூண்டு வரியில மட்டும் நீங்க எண்டு வந்திட்டுது, களைப்பு.

சாப்பாட்டுப் பக்கம் கனநேரம் எடுத்தது, ஏனெண்டா அங்க இங்கிலிஷ் ஒரு சொல்லை வச்சிருக்கிற இடத்தில ஸ்பானிஷ் ரெண்டு வச்சிருக்கு. ஹொட் எண்டா சூடா உறைப்பா? சூடு கலியெந்தே, உறைப்பு பிகாந்தே. நண்டுக் கறிக்கு ஹொட் எண்டு போட்டிருந்தது, அக்காட நண்டுக் கறி எனக்குத் தெரியும், பிகாந்தே. லொப்ஸ்டருக்கு முன்னால பெரிய கடிகாலோட இருக்கிறது எண்டா போகவாந்தே, எங்கட சிங்கி இறால் மாதிரிக் கடிகால் இல்லாதது எண்டா லங்கோஸ்தா. தயிருக்கு பெடியன் கேர்ட் எண்டு எழுதியிருந்தவன், எங்கட நாட்டு இங்கிலிஷில அது சரி, ஆனா அகராதியில கேர்டுக்குப் பாத்தா குவாஹாதா எண்டு வரும், அது ஸ்பெயினில உறைமோர் விடாம வேற விதமா உறைய வைக்கிற ஒரு பால் இனிப்பு. நான் எருமைத் தயிர் எண்டு விளங்கிற மாதிரி யோகூர் தே பூஃபலா போட்டன். கித்துள் எண்ட பனைச்சாதி மரத்துப் பாணிக்கு ட்ரீகிள் எண்டிருந்ததை மெலாஸா எண்டு மாத்தினன். அது கரும்பு ஆலையில மிஞ்சிற கறுப்புப் பாகு, கித்துள் இல்ல எண்டு தெரிஞ்சும் வேற சொல் கிடைக்கேல்ல.

கடைசியா ரெண்டு வரி. ஒண்டு, "போட்டில இருந்து நோ டைவிங்." நான் நோ புஸெயார் எண்டு போட்டன். மற்றது லைஃப் ஜாக்கெட் வரி, பெடியன் எழுதினது "டு நொட் லூஸ் லைஃப் ஜாக்கெட்", ரெண்டு ஓ போட்டு. ரெண்டு ஓ போட்டா இறுக்கமில்லாத எண்ட அர்த்தம், அந்த இடத்தில வினைச்சொல் வரவேணும், அப்ப ஒரு ஓ போட்டு எழுதிற லூஸ்தான், தொலைக்கிறது. இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்களே விடுற பிழை, பெடியனும் விட்டிருக்கிறான் எண்டு ஒரு செக்கனில முடிவெடுத்து நோ பியெர்தா எல் சலேகோ, ஜாக்கெட்டைத் தொலைக்காதீங்க எண்டு எழுதினன். வாடகைக்குக் குடுக்கிற சாமான், தொலைச்சா நட்டம், அண்ணா அதைச் சொல்லாம இருப்பாரா? நல்லாப் பொருந்தினது.

அண்ணாட்ட நான் கேக்கேல்ல. பிளம்ஸுக்கு ஃபோன் எடுத்த எனக்கு இதுக்கு எடுக்கத் தோணேல்ல, ஏனெண்டா பிளம்ஸ் வரி எனக்கு விளங்கேல்ல, இந்த வரி விளங்கினது.

முதல் ரெண்டு கிழமை

சீட்டு நல்லாத்தான் ஓடினது. ஆக்கள் வாசிச்சினம், சந்தோஷப்பட்டினம், அண்ணா எனக்கு ஃபோனில நன்றி சொன்னவர். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு மேசை முழுக்கச் சிரிச்சு விழுந்ததாம். தேசிக்காய் ஜூஸுக்குக் கீழ ப்ரிஸர்வேட்டிவ் சேர்க்கேல்ல எண்டு இருந்ததை நான் அகராதி பாக்காம ப்ரெஸெர்வாதீவோ எண்டு போட்டிருந்தன். ஸ்பானிஷில அது ஆணுறை. பழுதாகாம இருக்கப் போடுறதுக்கு கொன்ஸெர்வாந்தே எண்டு சொல்ல வேணும். ஆணுறை போடாத தேசிக்காய் ஜூஸ். அந்த மேசைக்காரர் நாலு கிளாஸ் ஓடர் பண்ணிப் படம் எடுத்தவையாம். அக்காவுக்கு ஏன் சிரிக்கினம் எண்டு சொல்ல ஒருத்தரும் துணியேல்ல, கடைசியில நான்தான் சொன்னன், அவ முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள்ள போனவ. அந்த வரியை அடுத்த நாளே மாத்தியாச்சு.

பிந்தித்தான் விளங்கினது, அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு பிழையான நிம்மதியைத் தந்திட்டுது. பிழை இருந்தா ஆக்கள் சிரிப்பினம், சிரிச்சா எங்களுக்குத் தெரியவரும், சிரிக்காட்டி எல்லாம் சரி எண்ட மாதிரி.

சம்பவம்

ஆகஸ்ட் நடுப்பகுதி, காலமை எட்டு மணிப் பயணம். தாய் தகப்பன், ஏழு வயசளவில ஒரு பெட்டைப்பிள்ளை, ஒரு வளந்த பெடியன், நாலு பேரும் ஸ்பெயின். புறாமலை நிலாவெளிக் கரையில இருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர்தான், எஞ்சின் போட்டில கொஞ்ச நேரம். 2003இல தேசியப் பூங்கா ஆக்கின இடம், ரெண்டு தீவு, பெரிய தீவிட கரையில இறங்கிற பக்கம் மணலோட முருகைக்கல் துண்டுகள் பரவிக் கிடக்கும், வெறுங்காலோட இறங்கினா தெரியும்.

வெயில் எரிச்சது. போகேக்க தாய் பிள்ளையிட ஜாக்கெட் பட்டிகளைத் தளர்த்திவிட்டிருக்கிறா, கழுத்தடியில உரசுது எண்டு பிள்ளை அழுதது. ஜாக்கெட் உடம்பிலதான் இருந்தது, தொலையேல்ல. அண்ணா பின்னால எஞ்சினில, போட்டில உதவிக்கு நிண்ட வேற ஒரு பெடியன் முன்னால அணியத்தில கயித்தோட, ரெண்டு பேரும் காணேல்ல.

கரையில முட்டி இறங்கேக்க பக்கத்தால போன வேற ஒரு போட்டிட அலை வந்து அடிச்சது. பிள்ளை வழுக்கித் தண்ணிக்குள்ள. வளந்த ஆளுக்கு இடுப்பளவு தண்ணி, பிள்ளைக்குக் கூட. பட்டி லூசா இருந்ததால ஜாக்கெட் மேல எழும்பி முகத்தை மூடிட்டுது, கை ரெண்டும் மேல போச்சு, உடம்பு கீழ. உதவிக்கு நிண்ட பெடியன் குதிச்சுத் தூக்கினவன், ஒரு சில செக்கன்தான். தண்ணி குடிச்சு இருமினது, முழங்கால் முருகைக்கல்லில உரஞ்சி ரத்தம். அதுக்குமேல ஒண்டும் இல்ல. ஆனா தாய் நடுங்கினதை அண்ணா இண்டைக்கும் சொல்லுவார், அண்டைக்கு அவை நீந்தேல்ல, திரும்பி வந்திட்டினம்.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டினம், மொழிக்கு. நான் நினைச்சுக்கொண்டு போனது, சீட்டை வாசிக்காம ஏறின ஆக்கள், மெதுவாச் சொல்லி விளங்கப்படுத்துவம் எண்டு. தகப்பன் சீட்டை மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வச்சிருந்தவர், எடுத்து மேசையில விரிச்சு விரல் வச்சுக் காட்டினார். நாங்க முதல்நாள் இரவே ரெண்டு பக்கமும் வாசிச்சம், தொலைக்க வேண்டாம் எண்டு இருக்கு, தொலைக்கேல்ல, பட்டியை இறுக்கி வச்சிருக்கச் சொல்லி எங்க இருக்கு? கோவிச்சுக்கொண்டு சொல்லேல்ல, உண்மையாவே தேடினார். வாசிக்காத ஆக்கள் எண்டா எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

பிழை எங்க நுழைஞ்சது

அண்டைக்கு இரவு அண்ணா, பெடியன், நான் மூண்டு பேரும் முதல்முறையா ஒரு மேசையில இருந்தம்.

அண்ணாட்ட "ஜாக்கெட்டுக்கு நீங்க என்ன அண்ணா சொன்னீங்க" எண்டு கேட்டன். "வேற என்ன, லைஃப் ஜாக்கெட்டை லூசாக்க வேண்டாம் எண்டுதான்" எண்டார். லூசாக்க வேண்டாம். நாங்க எல்லாரும் நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுற சொல், பெல்ட்டை லூசாக்கு, நட்டை லூசாக்கு. பெடியன் அதிலிருந்து "ஆக்க"வைக் கழட்டிப்போட்டு மிச்சத்தை இங்கிலிஷில எழுதினவன். இங்கிலிஷில லூசாக்கிறதுக்கு லூசன் எண்டு வினைச்சொல் இருக்கு, கடைசியில "என்" எண்ட இங்கிலிஷ் எழுத்துச் சத்தம் வேணும், அது அவனுக்குத் தெரியாது. ஆனா அவன் போட்ட ரெண்டு ஓ சரி. அவன் கிட்டத்தட்டச் சரியாத்தான் எழுதினவன், நான்தான் "திருத்தி"க் கெடுத்தனான்.

இதை வாசிக்கிற உங்களுக்கே பாக்கலாம், தமிழ் எழுத்தில ரெண்டும் லூஸ்தான், நான் ஓ எண்ணிச் சொல்லாட்டி எது எதெண்டு உங்களுக்குத் தெரியப்போறதில்ல. இங்கிலிஷ்காரர் வாயில ஒண்டு எஸ்ஸில முடியும், மற்றது இஸட்டில முடியும். ஸ்பானிஷில தொலைக்கிறது பெர்தேர், தளர்த்திறது அஃப்லொஹார், பிறத்தியார் மாதிரி ரெண்டு சொல், மாறிப் போட்டா சந்தேகப்படுறதுக்கு எந்த அடையாளமும் மிஞ்சாது. இங்கிலிஷ் வாசிக்கிறவர் ரெண்டு ஓவைக் கண்டா ஒரு செக்கன் முழிச்சு இவை என்னவோ சொல்ல வருகினம் எண்டு யோசிச்சிருப்பார். என்ர ஸ்பானிஷ் சுத்தமா இருந்ததால தகப்பன் முழிக்கேல்ல.

மிச்ச வரிகளையும் அதே இரவு ஒவ்வொண்டாக் கேட்டன், அதில டைவிங் வந்தது. அண்ணா சொன்னது போட்டில இருந்து தலைகீழாப் பாய வேண்டாம் எண்டு, கீழ முருகைக்கல், தலை உடையும். இங்கிலிஷில பாயிறதுக்கும் டைவ், தண்ணிக்குள்ள கீழ போய் நீந்திறதுக்கும் டைவ். ஸ்பானிஷ் பிரிச்சு வச்சிருக்கு, தண்ணிக்குக் கீழ போறது புஸெயார், தலைகீழாப் பாயிறது திரார்ஸே தே கபேஸா. நான் போட்டது முதலாவது. அதாவது ரெண்டு கிழமையா மீன் பாக்கவெண்டு காசு கட்டி வந்த ஆக்களுக்கு மூழ்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறம், பாயிறதைப் பற்றி ஒரு வரியும் இல்ல. உதவிக்கு நிக்கிற பெடியன் அப்பத்தான் சொன்னவன், "அதுதான் அண்டைக்கு ஒரு அக்கா மாஸ்க் போட்டுக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணியில வச்சிட்டு, கீழ போகலாமா கீழ போகலாமா எண்டு கையால கேட்டவ." ஒருத்தரும் பாஞ்சு தலை உடையாதது எங்கட கெட்டித்தனம் இல்ல.

இன்னொரு காரணத்தை அண்ணாதான் சொன்னவர், அதுவும் தானா. முந்தி ஒவ்வொரு பயணத்துக்கும் ஏத்த முதல் பட்டியைப் பிடிச்சு இழுத்து "டைட், டைட்" எண்டு காட்டுவாராம். ஸ்பானிஷ் சீட்டு வந்த பிறகு, அதில எழுதியிருக்குத்தானே எண்டு ஸ்பெயின்காரருக்கு அதை விட்டிட்டாராம். ஜெர்மன்காரருக்கு விடேல்ல, அவைக்குச் சீட்டு இல்ல. என்ர சீட்டு ஒரு பிழையான வரியைக் கொண்டுவந்ததோட, சரியா நடந்துகொண்டிருந்த ஒரு வேலையையும் தள்ளிப்போட்டுட்டுது. இந்த ரெண்டாவதுதான் எனக்கு இப்பவும் கூடப் பெரிசாப் படுது.

செய்த திருத்தங்கள்

பழைய சீட்டுகளை அண்டைக்கே எல்லா ரூமிலயும் இருந்து எடுத்தாச்சு. புதுசு வரும்வரைக்கும் சீட்டு இல்லாம ஓடுறது எண்டு முடிவு. பாதிப் பிழையோட ஒண்டு கிடக்கிறதை விட ஒண்டும் இல்லாம அண்ணா கையால காட்டுறது பாதுகாப்பு எண்டு நினைச்சம்.

இந்த முறை இங்கிலிஷ் தாளை மூடி வச்சிட்டன். அண்ணா தமிழில சொல்ல நான் தமிழிலயே எழுதினன், ஒவ்வொரு வரிக்கும் "செய்யாட்டி என்ன நடக்கும்" எண்டு கேட்டன். இந்தக் கேள்வி நல்லா வேலை செய்தது. ஜாக்கெட்டுக்கு அவர் சொன்ன பதில் "தண்ணியில விழுந்தா கழண்டு மேல வரும்", அதைக் கேட்ட பிறகு தொலைக்கிறது எண்டு ஒருத்தரும் எழுதப் போறதில்ல. டைவிங்குக்கு "தலை உடையும்", முடிஞ்சுது.

பிறகு தமிழில இருந்து நேர ஸ்பானிஷ். ஜாக்கெட் வரி ரெண்டாப் பிரிஞ்சது, சலேகோ ஸியெம்ப்ரே பியென் அஹுஸ்தாதோ, எப்பவும் நல்லா இறுக்கி, நோ அஃப்லொஹார் லாஸ் கொர்ரெயாஸ், பட்டிகளைத் தளர்த்திறதில்ல. பக்கத்தில பெடியன் ஒரு படம் கீறினவன், பட்டி இறுக்கின பிள்ளை ஒண்டு, ஜாக்கெட் காதுவரைக்கும் ஏறின பிள்ளை ஒண்டு. அவனுக்கு இங்கிலிஷை விடச் சித்திரம் நல்லா வரும்.

ஸ்பானிஷ் மொழி அகாடமி 1713இல தொடங்கினது, அவையிட அகராதியை இணையத்தில சும்மா பாக்கலாம், இந்த முறை ஒவ்வொரு வினைச்சொல்லையும் அதில ஸ்பானிஷ் விளக்கத்தோட பாத்தன். பயன்தான், ஆனா எந்தச் சொல்லைத் தேட வேணும் எண்டு அது சொல்லாது. பெர்தேர் எண்டு தேடியிருந்தா அது வடிவா விளக்கம் தந்திருக்கும், நானும் சந்தோஷமாப் படுத்திருப்பன்.

மெஷின் மொழிபெயர்ப்பிலயும் பழைய இங்கிலிஷ் தாளைப் போட்டுப் பாத்தன், ஒரு ஆறுதலுக்காக. இலவசக் காலைச் சாப்பாட்டையும் ப்ரிஸர்வேட்டிவையும் அது என்னை விடச் சரியாச் செய்தது. லூஸ் வரியில அதுவும் என்னை மாதிரியே தொலைக்கிறது எண்டுதான் திருத்தினது.

புதுச் சீட்டை ஒட்டமுதல், அந்தக் கிழமை நிண்ட ரெண்டு ஸ்பெயின்காரரிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னன். விளங்குதா எண்டு கேக்கேல்ல, அதுக்கு எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். வாசிச்சுப்போட்டு ஜாக்கெட்டைப் போடுங்க பாப்பம் எண்டு ஒண்டைக் கையில குடுத்தன். ரெண்டு பேரும் பட்டியை இழுத்து இறுக்கினவை. ஆனா அதில ஒருத்தர் கால் பட்டியைக் கவனிக்கேல்ல, அதுக்குச் சீட்டில சொல்லே இல்ல, அண்ணா எனக்குச் சொல்லவும் இல்ல, அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். அதையும் சேர்த்தம்.

பிறகு நடந்தது

அந்தக் குடும்பம் மிச்சம் ரெண்டு நாள் நிண்டவை. ரெண்டாம் நாள் பிள்ளை கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள மான் பாத்திட்டு வந்து எல்லாருக்கும் அதைக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சதாம், முழங்காலில பிளாஸ்டரோட. தகப்பனிட்ட நான் தனியாப் போய், அந்த வரியை எழுதினது நான், பிழை என்ர எண்டு சொன்னன். அவர் இங்கிலிஷ் தாளைக் காட்டச் சொல்லிப் பாத்து, தனக்கும் இங்கிலிஷ் வகுப்பில இந்த ரெண்டு லூஸும் ஒருநாளும் விளங்கேல்ல எண்டார். கொஞ்சம் பாரம் குறைஞ்சது, முழுக்க இல்ல.

அண்ணா இப்ப யாருக்கும் விடுறதில்ல, சீட்டு இருந்தாலும் ஏத்த முதல் பட்டியை இழுத்துப் பாத்துத்தான் எஞ்சினை அடிப்பார். அந்த சீசனில மிச்ச நாளில பட்டி லூசாக் கிடந்ததை ரெண்டுதரம் கண்டு இறுக்கினதாச் சொன்னவர், அதில ஒருத்தர் ஸ்பெயின்காரர், சீட்டை வாசிச்ச ஆள்தான். அதால புதுச் சீட்டு வெற்றி எண்டு நான் சொல்லமாட்டன், வேலை செய்யிறது அண்ணாட கைதான், சீட்டு கூட நிக்குது.

சாப்பாட்டுப் பக்கத்தில ஒரு நல்லது நடந்தது. கனாரித் தீவில இருந்து வந்த ஒரு வயசான அம்மா தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டுப்போட்டு, சீட்டில மெலாஸா எண்டிருந்ததைக் காட்டித் தலையாட்டி இல்லை எண்டா. தங்கட பக்கத்தில லா கொமேரா எண்ட தீவில பனைச்சாதி மரத்தில பதநீர் மாதிரி எடுத்துக் காச்சிற பாணி இருக்காம், மியெல் தே பால்மா, சொல்லுக்குச் சொல் பார்த்தா பனைத்தேன். இங்கிலிஷில ட்ரீகிளுக்குள்ள அமுக்கிப்போட்ட சாமானுக்கு ஸ்பானிஷில கிட்டத்தட்ட அச்சொட்டான சொல் ஏற்கனவே கிடந்திருக்கு, இங்கிலிஷ் வழியாப் போனதால நான் காணேல்ல. அந்த அம்மா பேனை வாங்கித் தானே வெட்டி எழுதினவ, அக்கா அந்தச் சீட்டை மாத்தவே விடேல்ல, இப்பவும் குசினிச் சுவரில அவவிட கையெழுத்தோட ஒட்டியிருக்கு.

அடுத்தமுறை செய்தா

போட்டில ஒருக்காப் போயிட்டு வந்துதான் எழுதத் தொடங்குவன். எனக்குக் கூலியாச் சொன்ன பயணத்தை வேலை முடிஞ்ச பிறகு எண்டு பிந்திப் போட்டனான், அதை முதல்லயே போயிருந்தா அண்ணா பட்டியை இழுத்து டைட் எண்டு சொல்லுறதைக் கண்டிருப்பன், அந்த வரியில சந்தேகமே வந்திருக்காது.

எழுதின ஆள் கையெட்டிற தூரத்தில இருக்கேக்க அவற்ற பிழையை நானா ஊகிச்சுத் திருத்தமாட்டன், முக்கியமா திருத்தம் வடிவாப் பொருந்திற இடத்தில. பெடியன்ர கையில ஃபோன், பத்தரைக்கும் முழிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

தமிழ் வாயால ஒண்டாப் போற இங்கிலிஷ் சோடிகளை ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கிறன், எஸ் இஸட் சோடிகள் தனிப் பக்கம், எழுத்து ஒண்டு மாறுறது தனிப் பக்கம், இங்கிலிஷில ஒண்டு ஸ்பானிஷில ரெண்டா வாறது தனிப் பக்கம். கடைசிப் பக்கம்தான் வேகமா நிரம்புது. அதில புதுசா வந்தது கன்னியா வெந்நீர் கிணறுகளுக்கு ஆக்களைக் கூட்டிப்போற விளம்பரம் ஒண்டு, ஏழு ஹொட் வெல், அதை யாரோ ஏழு நல்லா எண்டு ஸ்பானிஷில போட்டிருந்தவை, வெல் எண்டதைக் கிணறு எண்டு எடுக்காம நலம் எண்டு எடுத்து. அது சிரிப்புப் பிழை, ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது, ஆனா கொப்பியில போட்டாச்சு.

அண்ணா இப்ப ஜெர்மன் சீட்டும் வேணும் எண்டு நிக்கிறார். எனக்கு ஜெர்மன் தெரியாது, மெஷினில போட்டுத் தரலாம்தானே எண்டு பெடியன் கேட்டவன், நான் இன்னும் ஓம் சொல்லேல்ல.